பட்டியலில் இல்லாத வீடு

கொன்னையம்பாளையத்தில் முதன்முதலாகக் கரண்ட் கார் வாங்கியவர் நல்லசிவம். வாங்கின புதிதில் யாராவது அவரிடம் "எவ்வளவு தூரம் போகுமுங்க?" என்று வாயைக் கொடுத்தால் தொலைந்தார்கள். பேட்டரி, மோட்டார், பிரேக் பிடித்தால் கரண்ட் திரும்பி வரும் விந்தை என்று அரை மணி நேரம் விட மாட்டார். கேட்டவர் பஸ்ஸைத் தவறவிட்டு, கடைசியில் அவர் காரிலேயே தாராபுரம் போய் இறங்குவார். அதிலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

அது பதினோரு வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது ஊரில் வேறு மாதிரி வண்டியே இல்லை. தாராபுரம் சாலையில் இருந்த பெட்ரோல் பங்க் கல்யாண மண்டபமாகிவிட்டது.

எல்லாரும் கரண்ட் கார் வாங்கியதில்தான் சிக்கல் வந்தது. வெயில் இறங்கியதும் சூரியத் தகடு ஓய்ந்துவிடும். அதே நேரம் பார்த்து வீடுகளில் விளக்கு, ஏசி, அடுப்பு எல்லாம் எரியும். பற்றாக்குறைக்கு ஒரு வழி கண்டுபிடித்து, அதற்குப் 'பகிர்வு' என்று பெயரும் வைத்தார்கள். ஊர்க் கூட்டத்தில் அதை விளக்கிச் சொல்ல நல்லசிவத்தைத்தான் மேடை ஏற்றினார்கள்.

"சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து ஒம்பது மணி வரைக்கும் யாரும் சார்ஜ் ஏத்த முடியாது. அஞ்சு அடிச்ச அரை மணியிலயே நிக்கற வண்டிக் கரண்ட்டை லைன் இழுத்துக்கும். பத்து பர்சென்ட் மட்டும் நமக்கு மிச்சம் வைப்பாங்க. ஒம்பதுக்கு மேல திரும்ப ஏறிரும்" என்றார் அவர்.

"என்ற வண்டிக் கரண்ட்டை ஊருக்கு எதுக்குங்க குடுக்கணும்?" என்று ஒருவர் எழுந்தார்.

"சும்மா நிக்கற வண்டிதானுங்களே. உங்க வீட்டு லைட்டே பக்கத்து வீட்டு வண்டியிலதான் எரியப் போகுது."

"வீட்டுல நோவாளி இருந்தா? அவசரத்துக்குப் போக வேண்டாமா?"

"அவங்களுக்கு மட்டும் அறுபது பர்சென்ட் எப்பவும் வண்டியில நிக்கும். பட்டியல்ல பேரு எழுதிக் குடுத்தாப் போதும்."

கேட்கவா வேண்டும்! ஒரே மாதத்தில் ஊரில் பாதி வீடு நோயாளி வீடாகிவிட்டது. மூட்டு வலி, முதுகு வலி, தூக்கமின்மை என்று ஆளாளுக்கு டாக்டர் சீட்டு வாங்கி வந்தார்கள். நல்லசிவத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பட்டியலை எல்லாரும் பாக்கற மாதிரி வைக்கோணும். எந்த வீடு, என்ன நோவுன்னு ஊருக்குத் தெரியட்டும். பொய் சொல்றவன் தானா ஓடிருவான்" என்றார். கையெழுத்து வாங்கி மேலே அனுப்பினார். அவரைப் போலவே நாலு ஊர்க்காரர்கள் எழுதியிருப்பார்கள் போல, பட்டியல் வெட்டவெளிக்கு வந்துவிட்டது. பொய் சொன்னவர்களும் ஓடிப்போனார்கள். மனுஷன் அன்றைக்குப் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த வருஷமே அவர் மனைவி கோகிலவாணிக்கு நெஞ்சு முட்ட ஆரம்பித்தது. இதயத் தசை தளர்ந்துவிட்டது, நுரையீரலில் நீர் கோக்கும், தினமும் நீர் பிரிய மாத்திரை போட வேண்டும் என்றார்கள். திடீரென்று மூச்சுத் திணறினால் எவ்வளவு சீக்கிரம் ஆக்ஸிஜன் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றும் சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி இருப்பது தாராபுரத்தில், இருபத்தாறு கிலோமீட்டர். நல்லசிவம் அன்றைக்கே பட்டியலில் எழுதிக் கொடுத்தார். கதவு எண், மனைவியின் பெயர், இதய நோய் என்று எல்லாம் வந்துவிட்டது. மூன்று வருஷம் காரில் அறுபது நின்றது. இரண்டு தடவை அந்த அறுபதுதான் கோகிலாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதற்குள் மகள் தன்யஸ்ரீக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஜாதகம் பொருந்தும், போட்டோ பிடிக்கும், அப்புறம் பேச்சே இருக்காது. மூன்று இடம் இப்படிப் போனது. மூன்றாவது இடமும் நழுவியபோது தரகர் பொன்னரசு காரணத்தைப் போட்டு உடைத்தார்.

"ஏனுங்க, இப்பெல்லாம் ஜாதகம் பாக்கறதுக்கு முன்னாடி பட்டியலைத்தானுங்க பாக்கறாங்க. ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கும் வருமேன்னு ரோசனை பண்றாங்க. நானா சொல்றேன்? ஊர் சொல்லுது. காங்கேயத்துல ஒரு நல்ல இடம் இருக்குது. பையன் பேரு கவின். அவங்ககிட்ட உங்க பேரைச் சொல்லியிருக்கேன், சரீன்னுதான் சொல்றாங்க. இருந்தாலும் அவிய பொண்ணு பாக்க வர்றதுக்குள்ள பேரை எடுத்துருங்கோ. கல்யாணம் முடிஞ்சு திரும்ப எழுதிக்கலாம்."

நல்லசிவம் முடியாது என்றுதான் சொன்னார். கோகிலா விடவில்லை. இரண்டு நாள் சோறு தின்னாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால என்ற புள்ளைக்குக் கல்யாணம் நிக்குதுன்னா நான் இருந்து என்னுங்க பிரயோசனம்? ஒரு மாசம். ஒரே மாசம் எடுத்து வைங்க."

பட்டியலில் சேருவதற்கு டாக்டர் சீட்டு, சரிபார்ப்பு என்று இரண்டு மூன்று நாளாகும். எடுப்பதற்கு ஒரு நொடி போதும். நோயே இல்லை என்று யார் பொய் சொல்லப் போகிறார்கள் என்று வைத்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். காருக்குள் இருக்கும் திரையில் 'எங்கள் வீட்டில் நோயாளி யாரும் இல்லை' என்று ஒரு பொத்தான். நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டு அதை அமுக்கினார். அன்று மாலையே கார் பத்துக்கு இறங்கியது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குக் காங்கேயத்துக்காரர்கள் வந்தார்கள். பையன் கவின், அவன் அப்பா மோகனசுந்தரம், அம்மா சுகந்தாமணி. நல்ல மாதிரியான ஜனங்கள். மோகனசுந்தரம் மட்டும் கொஞ்சம் வெளுத்து, முகம் உப்பினாற்போல் இருந்தார். பயணக் களைப்பு என்று நல்லசிவம் நினைத்துக்கொண்டார். காபி கொடுத்தபோது அவர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

இந்தப் பக்கத்தில் உறவுக்காரர்களை ஒறம்பறை என்பார்கள். ஒறம்பறை வந்தால் முன்னெல்லாம் வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்புவது வழக்கம். இப்போது வண்டியையும் நிறைத்து அனுப்ப வேண்டும். வாசலில் வண்டி நின்றதும் வீட்டுக்காரர் தன் காரிலிருந்து ஒயரை எடுத்து வந்த வண்டியில் மாட்டிவிடுவார். வீட்டு லைனிலிருந்து ஏற்றினால் மெதுவாக ஏறும், காரிலிருந்து காருக்கு மளமளவென்று ஏறும். அதற்குத் திரையில் தனியாகவே ஒரு பொத்தான் உண்டு. ஒறம்பறைச் சுவிட்சு என்றே ஊரில் அதற்குப் பெயர். வந்தவர் வேண்டாம் வேண்டாம் என்பதும், இவர் அதெப்படி என்பதும், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

நல்லசிவம் ஒயரை எடுத்தபோது மோகனசுந்தரம் பதறினார். "வேண்டாமுங்க, போற அளவுக்கு இருக்குது."

திரையில் பார்த்தால் ஏழு சதவீதம். ஏழு சதவீதத்தை வைத்துக்கொண்டு காங்கேயம் போகிறாராம்! இவ்வளவு பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் எப்படி இப்படி வறண்டு வந்தார்கள் என்று நல்லசிவத்துக்கு ஒரு கணம் தோன்றியது. கேட்பது மரியாதையில்லை. தன் காரில் அறுபத்து நாலு இருந்தது. மாட்டிவிட்டார்.

கோகிலா காலை ஐந்து மணியிலிருந்து அடுப்படியிலேயே நின்றாள். மாத்திரையைப் போட்டால் அடிக்கடி உள்ளே போக வேண்டிவரும், வந்தவர்கள் கவனிப்பார்கள் என்று அன்றைக்கு மாத்திரை போடவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பட்டுச்சேலைக்குள் கணுக்கால் வீங்கியிருந்தது. சிரித்துக்கொண்டே பரிமாறினாள். தன்யாவும் கவினும் கால் மணி நேரம் தனியே பேசிவிட்டு வந்தார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் கோகிலாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஐந்தேகாலுக்குக் கிளம்பினார்கள். "எங்களுக்குப் பரிபூரண சம்மதமுங்க. போற வழியில தாராபுரத்துல அம்மனைக் கும்பிட்டுட்டுப் போறோம். நாளைக்கு மத்ததைப் பேசிக்கலாம்" என்றாள் சுகந்தாமணி. கோகிலாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் வண்டியில் ஏறினாள்.

வண்டி திரும்பி மறைந்ததும் கோகிலா தூணைப் பிடித்துக்கொண்டாள். "சம்மதமாமுங்க… கேட்டீங்களா?" என்றாள். அடுத்த வார்த்தைக்கு மூச்சு வரவில்லை.

பத்து நிமிஷத்தில் நெஞ்சுக்குள் கொப்பளிக்கிற சத்தம் வெளியே கேட்டது. உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினால், இருக்கிற வண்டி தூரத்தில் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, நாற்பது நிமிஷமாகும் என்றார்கள். நல்லசிவம் காருக்கு ஓடினார். ஒறம்பறைக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை ஐந்து மணிக்கு மேல் லைன் உறிஞ்சியிருந்தது. பத்து. எதிர்வீட்டு வண்டியும் பத்து. பக்கத்து வீடும் பத்து. அந்த நேரத்தில் ஊரில் எல்லா வண்டியும் பத்துதான்; ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏற்றவும் முடியாது. பட்டியலில் இருந்த ஒரே வீடு இரண்டு தெரு தள்ளி. அவர்கள் வண்டியோடு வெளியூர் போயிருந்தார்கள்.

"போலாம்ப்பா, போற வரைக்கும் போலாம். ஆம்புலன்ஸ் எதுத்தாப்ல வரட்டும்" என்று தன்யா அம்மாவை அள்ளிப் பின்சீட்டில் போட்டாள்.

புது வண்டியாக இருந்தால் பத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஓடும். இது பதினோரு வருஷத்துப் பேட்டரி. ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, பிரேக்கைத் தொடாமல், கரண்ட்டைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து ஓட்டினார். பதினான்காவது கிலோமீட்டரில் திரை மங்கியது. வண்டி தானாக ஓரம் கட்டி நின்றுவிட்டது.

சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். நல்ல காற்று. நூற்றுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றிலும் கரண்ட் காய்த்துக்கொண்டு நிற்கிற காட்டின் நடுவில், ஒரு மனுஷன் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கரண்ட் இல்லாமல் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

மங்கிய திரையில் பட்டியலைத் திறந்து மனைவி பெயரைத் திரும்ப எழுதினார். பழைய டாக்டர் சீட்டு அதிலேயே இருந்தது. 'பெற்றுக்கொண்டோம். சரிபார்த்துத் தெரிவிக்கிறோம்' என்று பதில் வந்தது.

"அப்பா! அவியளைக் கூப்பிடுங்க" என்றாள் தன்யா. "தாராபுரத்துலதான இருக்காங்க? கால் மணி நேரத்துல வந்துருவாங்க. நம்ம கரண்ட்தானே அவங்க வண்டியில இருக்குது!"

நல்லசிவம் போனை எடுத்தார். பின்னாலிருந்து கோகிலாவின் கை அவர் தோளைப் பிடித்தது. அந்தக் கையில் அவ்வளவு பலம் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"வேண்டாங்க… நாலாவது எடம்… புள்ளை மொகத்தைப் பாத்தீங்கல்ல… சித்தெ பொறுங்க… எனக்கு முன்னாடியும் இப்படி வந்து… செரியாயிருக்குது…"

"அம்மா, பைத்தியமா உனக்கு? எனக்குக் கல்யாணமே வேண்டாம்! அப்பா, கூப்பிடுங்க!"

"ஆம்புலன்ஸ் வந்துரும் கண்ணு. கிளம்பிருச்சான்னு கேக்கறேன்" என்றார் நல்லசிவம்.

தன்யாவிடம் அவர்கள் நம்பர் இல்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு சாலைக்கு ஓடினாள். ஐந்து மணிக்கு மேல் எவன் வண்டியை எடுப்பான்? ஒரு மொபெட் வந்தது. நின்று பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனது.

ஆம்புலன்ஸில் இதோ கிளம்புகிறோம் என்றுதான் சொன்னார்கள். நல்லசிவம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோகனசுந்தரத்தின் பெயர் திரையில் இருந்தது. அமுக்கினால் மனைவி. அமுக்காவிட்டால் மகள். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார், பாவம். இன்னும் ரெண்டு நிமிஷம் பார்ப்போம், இன்னும் ரெண்டு நிமிஷம் என்று பன்னிரண்டு நிமிஷம் போனது. தோளில் இருந்த கை தளர்ந்து விழுந்தபோதுதான் அமுக்கினார்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். கேள்வி கேட்கவில்லை. "எங்கே நிக்கறீங்க?" என்று மட்டும் மோகனசுந்தரம் கேட்டார். பதிமூன்று நிமிஷத்தில் கவின் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, கோகிலாவை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே கிடத்தினான். சுகந்தாமணி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நாடி இருந்தது. உள்ளே கொண்டுபோன பிறகு இல்லை.

டாக்டர் குறை சொல்லவில்லை. "மூச்சுத் திணறல் ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சுங்க?" என்று மட்டும் கேட்டார். நல்லசிவம் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை எண்ணத் தொடங்கினார். இன்னமும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்.

மூன்றாம் நாள் மதியம் துக்கம் கேட்கக் காங்கேயத்துக்காரர்கள் வந்தார்கள். தன்யா உள்ளறையை விட்டு வரவில்லை. அப்பாவிடம் பேசி இரண்டு நாளாகியிருந்தது. மோகனசுந்தரம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சுகந்தாமணி மெல்லப் பேசினாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணும். எங்களுக்கு அக்காவோட நோவு முன்னமே தெரியுமுங்க."

நல்லசிவம் நிமிர்ந்து பார்த்தார்.

"தரகர் உங்க பேரைச் சொன்ன அன்னிக்கே பட்டியலைப் பாத்தோம். அக்கா பேரு இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தானுங்க சரீன்னு சொன்னோம். இவருக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வாரத்துல மூணு நாள் ஈரோட்டுல ரத்தம் சுத்தி பண்ணோணும். எங்க வீட்டுப் பேரும் பட்டியல்ல இருந்தது. நம்மளாட்ட ஒரு குடும்பம், நம்ம கஷ்டம் தெரியும், பொண்ணைத் தருவாங்கன்னு தைரியமா இருந்தோம்."

"அப்பறம்?" என்றார் நல்லசிவம்.

"ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா உங்க பேரைக் காணோம். சரி, அக்காவுக்குக் கொணமாயிருச்சு போலன்னு நெனச்சோம். அப்பத்தான் எங்களுக்குப் பயம் பிடிச்சிருச்சு. சௌக்கியமா இருக்கற வீட்டுக்காரங்க நோவாளி வீட்டுல எதுக்குப் பொண்ணு குடுக்கறாங்கன்னு… நாங்களும் எடுத்துட்டோமுங்க. அதனாலதான் அன்னிக்கு ஏழோட வந்தோம். முந்தின நாள் சாயங்காலம் பூராவையும் லைன் இழுத்துருச்சு. ராத்திரி ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதுல முழுசா ஏத்தவும் முடியலை. கிளம்பறப்ப அக்கா கையைப் பிடிச்சேனே, சொல்லிரலாம்னுதான் பிடிச்சேன். தேதி குறிச்சதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

நல்லசிவம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஊரைத் திட்டுவதா, பட்டியலைத் திட்டுவதா, அதை வெட்டவெளிக்குக் கொண்டுவரக் கையெழுத்து வாங்கின பாவியைத் திட்டுவதா? மோகனசுந்தரம் எழுந்து வந்து அவர் முதுகில் கை வைத்தார். அந்தக் கையும் வீங்கித்தான் இருந்தது.

துக்க வீட்டில் யாரும் போய்விட்டு வருகிறோம் என்று சொல்வதில்லை. மூன்று பேரும் சொல்லாமல் எழுந்து வாசலுக்குப் போனார்கள். பின்னாலேயே போன நல்லசிவம் அவர்கள் வண்டித் திரையைப் பார்த்தார். பதினொன்று.

"திரும்ப எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"நேத்துதானுங்க குடுத்தோம். இன்னும் வரலை" என்றான் கவின்.

"மறுபடியும் எப்பங்க ஆஸ்பத்திரி?"

"நாளைக்கு விடியால ஆறு மணிக்குங்க."

மணி நான்கரை. நல்லசிவம் தன் காரிலிருந்து ஒயரை இழுத்து அவர்கள் வண்டியில் மாட்டினார். மோகனசுந்தரம் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லசிவம் காருக்குள் உட்கார்ந்து ஒறம்பறைச் சுவிட்சைத் தொட்டார். ஓடவில்லை. திரையில் எழுத்து வந்தது.

'உங்கள் விண்ணப்பம் இன்று ஏற்கப்பட்டது. கோகிலவாணி, இதய நோய். இவ்வண்டியில் அறுபது சதவீதம் அவருக்காகக் காக்கப்படுகிறது. பிறருக்குத் தர இயலாது.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். அறுபது இருந்தது, முழுசாக. கீழே அந்தப் பழைய பொத்தானும் இருந்தது. 'எங்கள் வீட்டில் நோயாளி யாரும் இல்லை.'

வெளியே சுகந்தாமணி சேலைத் தலைப்பால் புருஷனுக்கு வெயில் மறைத்துக்கொண்டு நின்றாள். உள்ளறை ஜன்னலில் தன்யாவின் முகம் தெரிந்தது. அவள் அப்பாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லசிவம் கண்ணை மூடவில்லை. பொத்தானை அமுக்கினார். சரிபார்ப்பு எதுவும் கேட்காமல் திரையில் கோகிலாவின் பெயர் மறைந்தது. ஒயரின் நுனியில் பச்சை விளக்கு எரிந்து, அவர் காரிலிருந்து அவர்கள் காருக்குக் கரண்ட் ஏறத் தொடங்கியது.